சேறடித்து முடித்த ரோட்டவேட்டரை எப்படிக் கழுவி நிறுத்துவது?

கேள்வி இதுதான்: மன்னார்குடிப் பக்கம், 45 குதிரைத்திறன் டிராக்டர், அதன் பின்னால் மாட்டிச் சுழலும் கத்திகளால் உழும் ஆறடி ரோட்டவேட்டர். சம்பாவுக்கும் தாளடிக்கும் சேறடித்து முடிந்தாயிற்று. இனிக் கோடை உழவுக்குத்தான் வேலை. வாய்க்காலில் இறக்கிக் கழுவிக் கொட்டகையில் விட்டால் போதுமா? ரோட்டவேட்டரின் சைடு பெட்டியில் (ஓரத்துக் கியர் பெட்டி) ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கிறது, அதை அடுத்த சீசனில் மாற்றிக்கொள்ளலாமா?

அடுத்த சீசன்வரை விட வேண்டாம். வாய்க்காலிலும் இறக்க வேண்டாம். இந்த இரண்டும் ஒரே விஷயம்தான்.

ரோட்டவேட்டர் ஓடும்போது நடு கியர் பெட்டியும் சைடு பெட்டியும் நன்றாகச் சூடாகும். உள்ளே இருக்கிற காற்று விரிந்து, மேலே உள்ள பிரீதர் துளை வழியாக வெளியே போகும். சேறடிக்கும்போது அந்தத் துளையைக் களிமண் அடைத்துவிட்டால் காற்றுக்கு வேறு வழி கிடையாது. தண்டைச் சுற்றி ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு, கொஞ்சம் ஆயிலையும் சேர்த்துக்கொண்டு வெளியேறும். வேலை முடிந்த கையோடு, சூடு தணியாத பெட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே மிச்சமிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். போன வழியாகவே திரும்ப இழுக்கும். அப்போது சீலுக்கு வெளியே நிற்பது காற்று இல்லை, சேற்றுத் தண்ணீர். நல்ல சீல் போட்ட ரோட்டவேட்டருக்குள்ளும் தண்ணீர் போவது பெரும்பாலும் இப்படித்தான். உழும்போது போவதைவிட, உழுது முடித்து நிறுத்தும்போதும் கழுவும்போதும் போவதே அதிகம். வயலிலேயே ரோட்டரை, அதாவது கத்திகள் மாட்டிய தண்டை, தண்ணீரில் முக்கிவிட்டுச் சாப்பிடப் போவதும் இதே கதைதான். நிறுத்தினால் தூக்கி நிறுத்துங்கள், இல்லையென்றால் வரப்போரம் மேட்டில் கொண்டுவந்து விடுங்கள்.

வெளுத்த ஆயிலை அப்படியே விட்டால் என்ன ஆகும்? ஆயிலும் தண்ணீரும் கலந்த அந்தக் கலவை கியர் பற்களுக்கு நடுவே படலமாக நிற்காது. ஓடும்போதாவது பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகை தொடங்கிப் பங்குனிவரை சும்மா நிற்கும்போது தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். கியர் ஆயில் தண்ணீரைவிட எடை குறைவு. அதனால் அடியில் இருக்கும் பேரிங்கின் குண்டுகளும் ஓடுபாதையும் மாதக்கணக்கில் தண்ணீரிலேயே ஊறும். பங்குனியில் வண்டியை எடுத்தால் கரகரவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தபிறகு ஆயில் மாற்றிப் பயனில்லை, பேரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

ஆகவே முதல் வேலை ஆயிலை இறக்குவது. ரோட்டவேட்டரை ஓர் இரவு முழுக்க சமதரையில் அசையாமல் விடுங்கள். காலையில் டிரெய்ன் போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்துங்கள். பிரிந்த தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். எவ்வளவு வருகிறது என்று ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். பத்து இருபது மில்லி என்றால் மழையும் ஈரமும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம். கால் லிட்டர் வந்தால் பெரும்பாலும் சீல் போய்விட்டது. மீதியை இறக்கும்போது போல்ட் முனையில் ஒட்டியிருப்பதையும் பாருங்கள். மாவு மாதிரி நைசான இரும்புத்தூள் தேய்மானம்தான், இருக்கும். மினுமினுக்கும் செதில்களோ கையில் குத்தும் துண்டுகளோ இருந்தால் கியரோ பேரிங்கோ உடைய ஆரம்பித்துவிட்டது. பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

வெளுத்த ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயிலை ஊற்றினால் அதுவும் ஒரு மணி நேரத்தில் வெளுக்கும், சுவரெல்லாம் பழைய கலவை ஒட்டியிருப்பதால். பெட்டியில் பாதி அளவுக்கு டீசல் ஊற்றி, ரோட்டரைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, எஞ்சினை ஐடிலில் வைத்து ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் சுழல விடுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. வேகம் கூட்டவும் கூடாது, டீசலுக்கு கியரைக் காக்கும் கெட்டித்தன்மை இல்லை. பிறகு டிரெய்ன் போல்ட்டைத் திறந்து ஒரு ராத்திரி வடிய விட்டு, புது ஆயிலை லெவல் போல்ட் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் சொல்வது ஈபி 90 கியர் ஆயில், சில மாடலுக்கு 140. பெட்டிக்குப் பெட்டி அளவு மாறும். அதனால் லிட்டர் கணக்கை விட்டுவிட்டு லெவல் துளையை நம்புங்கள். நடுப் பெட்டி தனி, சைடு பெட்டி தனி. ஒன்றில் ஊற்றினால் மற்றதற்குப் போய்விடும் என்று நினைத்து ஒன்றை வறட்சியாக ஓட்டுகிறவர்கள் உண்டு. பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போக வேண்டும்.

இனி சீல். சைடு பெட்டியின் அடிப்பக்கம் ரோட்டர் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒன்று, எதிர்ப்பக்க பேரிங் ஹப்பில் ஒன்று. சேற்றுழவில் சாகிறவை இவை இரண்டும்தான். அவற்றைக் கொல்வது மண் என்று பலரும் நினைக்கிறார்கள். மண்ணைவிட மோசம் நாரும் கயிறும். குறுவை அறுத்த வயலில் தாளடிக்குச் சேறடிக்கும்போது, அறுவடை மெஷின் விட்டுப்போன நீள வைக்கோல் அப்படியே கிடக்கும். வைக்கோல் கட்டும் மெஷினின் கயிறும் உரமூட்டையின் நைலான் நூலும் கூடவே இருக்கும். வாய்க்காலோர வயல் என்றால் வெங்காயத் தாமரை. இவையெல்லாம் ரோட்டரில் சுற்றி, ஓரத்துக்கு நகர்ந்து, கடைசிக் கத்தித் தட்டுக்கும் பேரிங் ஹப்புக்கும் நடுவே இறுகிப்போகும். நைலான் நூல் அந்த உராய்வில் சூடாகி உருகி, சீலின் ரப்பர் உதட்டுக்குள் வெட்டிக்கொண்டு போகும். வெளியிலிருந்து பார்த்தால் மண் அப்பியிருப்பது மட்டும்தான் தெரியும்.

ஆகவே சீசனிலும் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் செய்ய வேண்டிய ஒரே வேலை என்றால் அது இதுதான்: இரண்டு ஓரத்திலும் சுற்றியிருப்பதைப் பழைய கதிர் அரிவாளால் அறுத்து எடுப்பது. அரிவாளின் முனை சீல் பக்கம் போகாமல் தண்டின் நீளவாக்கில் அறுங்கள். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ரோட்டவேட்டருக்கு அடியில் இரண்டு பக்கமும் பனஞ்சட்டமோ தடித்த மரக்கட்டையோ முட்டுக் கொடுத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். ஹைட்ராலிக் தூக்கி வைத்திருப்பதை நம்பிக் கீழே படுக்காதீர்கள். லீவரில் சின்னப் பிள்ளை கை பட்டாலும் இறங்கிவிடும்.

சீல் மாற்றுவது பட்டறைக்காரர் வேலைதான். ஆனால் கூடவே நின்று மூன்று விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சீலின் முகத்தில் 50-72-10 என்பது போல மூன்று எண் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு, எல்லாம் மில்லிமீட்டரில். அதே அளவில் வாங்குங்கள். தூசி உதடும் சேர்ந்த இரட்டை உதட்டு சீல் கிடைத்தால் ஒற்றை உதட்டை வாங்காதீர்கள். இரண்டாவது, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்த்து உள்ளே இருக்க வேண்டும். இரண்டு உதட்டுக்கும் நடுவில் கிரீஸ் தடவித்தான் ஏற்ற வேண்டும், உலர்ந்த உதடு ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கருகும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சீல் உட்கார்ந்த இடத்தில் தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டுகிற பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். பள்ளம் லேசாக இருந்தால் சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். ஆழமாக இருந்தால் தண்டின் மேல் மெல்லிய உறை மாதிரி ஸ்லீவ் போட வேண்டும், இல்லையென்றால் தண்டை மாற்ற வேண்டும். சீல் மாற்றிப் பத்தே நாளில் ஒழுகுகிறது, கம்பெனி சரியில்லை என்கிற புலம்பலில் பாதி இந்தப் பள்ளத்தால் வருவது.

பேரிங்கையும் அப்போதே சோதித்துவிடலாம். தூக்கி முட்டுக் கொடுத்த நிலையில் ரோட்டருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மேலும் கீழும் நெம்புங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் பேரிங் போயிற்று. கையால் சுற்றினால் ஒரே சீராகச் சுற்ற வேண்டும், எங்கேயும் தட்டக் கூடாது.

இனிக் கழுவுவது. இதற்கு ஆயில், சீல் வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். சூடு முழுக்கத் தணிந்த பிறகு, ஆனால் சேறடித்து முடித்த அன்றைக்கே கழுவுங்கள். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் களிமண் காய்ந்தால் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கடப்பாரையால் குத்தும்போது மண்ணோடு பெயின்ட்டும் வரும், பெயின்ட் போன இடத்தில் துரு உட்காரும். ஈரமாக இருக்கும்போதே மரப்பலகையாலோ பச்சைப் பனைமட்டையாலோ வழித்தெடுங்கள். பின்பலகையின் உள்பக்கமும் மேல் மூடியின் உட்கூரையும்தான் முக்கியம். அங்கே அப்பிய மண்ணே பல கிலோ இருக்கும். பிறகு மோட்டார் தண்ணீரை ஹோஸில் விட்டுக் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் பளபளவென்று வரும், உண்மைதான். ஆனால் அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீர் எந்த சீலுக்குள்ளும் புகும். அங்கேதான் கழுவுவேன் என்றால் சீல், பிரீதர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், மீட்டர் பலகை ஆகிய இடங்களுக்கு நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரேடியேட்டருக்கும் அந்த அழுத்தம் ஆகாது, மெல்லிய தகடுகள் மடங்கும். ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டால் காற்று கொண்டுவந்து அடைத்ததெல்லாம் வந்த வழியே போய்விடும்.

வேதாரண்யம், தலைஞாயிறு மாதிரி கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி ஒரு சுற்று நல்ல தண்ணீரில் அலசுங்கள். மழைநீர் பிடித்து வைத்தது இரண்டு குடம் இருந்தாலும் போதும். அடியுரம் போட்ட வயலில் சேறடித்திருந்தாலும் இது பொருந்தும், பொட்டாஷ் உப்புதானே. வாய்க்காலிலோ குளத்திலோ கழுவ வேண்டாம் என்பதற்கு ஆயில் சீல் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஆயிலும் டீசலும் கீழ்மடைக்காரன் வயலுக்குத்தான் போகும்.

கிரீஸ் எப்போதும் கழுவிய பிறகுதான். கழுவுவதற்கு முன் அடித்தால் பாதி கரைந்து போகும். கழுவிவிட்டு அடிக்காமல் விட்டால் உள்ளே புகுந்த தண்ணீர் அங்கேயே இருக்கும். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் வாயைத் துணியால் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் மண்ணோடு வெளியே வந்து, பின்னால் சுத்தமான கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். இரண்டு அடி அடித்தேன் என்பதெல்லாம் கணக்கில்லை. டிராக்டரின் சுழற்சியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பிடிஓ தண்டின் இரண்டு முனையிலும் உள்ள சிலுவை மூட்டுகளான கிராஸ் இரண்டும், ஒன்றுக்குள் ஒன்று நகரும் குழாயும் மறக்கக் கூடாதவை. குழாயைப் பிரித்துப் பழையதைத் துடைத்துப் புதிதாகத் தடவிச் சேருங்கள். சேர்க்கும்போது இரண்டு முனைக் கவைகளும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பல் மாறிச் சேர்த்தாலும் அதிரும், அந்த அதிர்வு கிராஸையும் கியர் பெட்டியின் முன் பேரிங்கையும் தின்னும்.

கத்திகளுக்கு வருவோம். ஆறடி ரோட்டவேட்டரில் பெரும்பாலும் 42 கத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு போல்ட். தேய்ந்ததை மாற்றும்போது எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிடாதீர்கள். இடது, வலது என்று மாறி மாறி, தண்டைச் சுற்றித் திருகு வரிசையில் ஏறும்படி அமைத்திருக்கிறார்கள், ஒரு நேரத்தில் ஒரு கத்திதான் மண்ணில் இறங்க வேண்டும் என்பதற்காக. ஒன்றைக் கழற்றி, அதே பக்கத்துக் கத்தியை அதே இடத்தில் மாட்டி, பிறகு அடுத்தது. வரிசை குலைந்தால் டிராக்டர் குதித்துக் குதித்துப் போகும். பழசும் புதுசும் கலந்து போடுவதும் அவ்வளவு நல்லதல்ல. நீளம் ஒத்துப்போகாவிட்டால் ரோட்டர் ஆடும். முனை அகலம் பாதியாகிவிட்டால் மொத்த செட்டையும் மாற்றிவிடுவது டீசல் கணக்கிலேயே லாபம். போல்ட் தலையில் 8.8 என்று இருந்தால், 14 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 130 நியூட்டன் மீட்டர் இறுக்கம், 12 மில்லிமீட்டருக்குச் சுமார் 80. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இல்லையென்றால், ஓரடி நீள ஸ்பானரின் நுனியில் நாற்பது கிலோவுக்கு மேல் பாரம் கொடுத்தால்தான் அந்த 130 வரும். கை பலத்தில் ‘டைட்டாயிடுச்சு’ என்று விட்டது பெரும்பாலும் அதில் பாதிதான்.

கத்திக்கு வேஸ்ட் ஆயில் பூசி வைப்பது ஊர் வழக்கம். தேவையில்லை என்பேன். கத்தியில் வரும் துரு மேலோட்டமானது, முதல் ஒரு மா நிலம் உழுவதற்குள் தானாகத் தேய்ந்து பளிச்சென்று ஆகிவிடும். பூசிய ஆயில் அடுத்த வயலில்தான் இறங்கும். அந்த அக்கறையை மரை உள்ள இடங்களிலும், பிடிஓ பற்களிலும், பெயின்ட் உரிந்த மூடியிலும் காட்டுங்கள். பற்களுக்கும் மரைக்கும் கிரீஸ், மூடிக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு.

டிராக்டரில், சேற்றுழவுக்கே உரிய சில இடங்களை மட்டும் சொல்கிறேன். கிளட்ச் பெட்டியின் அடியில் ஒரு வடிதுளை உண்டு. சேற்றில் இறங்குமுன் அதற்கு பிளக் போட்டு அடைக்கச் சொல்கிற மாடல்கள் பல. அடைத்தவர்கள் வேலை முடிந்ததும் திறக்க மறந்துவிடுகிறார்கள். உள்ளே கசிந்த தண்ணீரோ ஆயிலோ அங்கேயே நின்று கிளட்ச் தட்டைக் கெடுக்கும். இன்றைக்கே திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் உலர விடுங்கள், ஆயில் வந்தால் எஞ்சின் பக்கமோ கியர் பக்கமோ சீல் ஒழுகுகிறது.

முன் சக்கர ஹப்பும் சேற்றில் மூழ்கியே ஓடியது. இருசக்கர இயக்க வண்டி என்றால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கிரீஸ் சாம்பல் நிறத்தில் நீர்த்திருந்தால் பேரிங்கைக் கழற்றி டீசலில் கழுவி உலர்த்திப் புது கிரீஸ் வைக்க வேண்டும். நட்டைச் சக்கரம் கொஞ்சம் இறுகும்வரை திருகி, காட்டர் பின் துளைக்கு நேராக வரும் அளவு தளர்த்திப் பின் போடுங்கள். நாலு சக்கர இயக்கம் என்றால் முன் ஆக்ஸில் ஆயிலையும் சைடு பெட்டி மாதிரியே அடியிலிருந்து சொட்டவிட்டுப் பாருங்கள். பின்பக்க கியர், ஹைட்ராலிக் ஆயில் பல வண்டிகளில் ஒன்றேதான், 30 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அது வெளுத்திருந்தால் செலவு பெரிது, தள்ளிப்போட்டால் ஹைட்ராலிக் பம்ப் போகும், அது அதைவிடப் பெரிது. இதற்குள் தண்ணீர் போவதற்குச் சேறு மட்டுமே காரணம் இல்லை. கியர் லீவரின் அடியில் இருக்கும் ரப்பர் கிழிந்திருந்தால், ஐப்பசி அடைமழையில் வெளியே நிற்கும் வண்டிக்குள் மழை நேராக இறங்கும். சின்ன ரப்பர்தான், மாற்றிவிடுங்கள்.

சேற்றில் புதையாமல் இருக்க மாட்டிய இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலைக் கழற்றி, கம்பியும் வளையமும் சேரும் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏற வேண்டாம் என்பது ரோட்டுக்காக மட்டும் சொல்வதில்லை, வெல்டிங் விடுவதும் அங்கேதான்.

நிறுத்தும்போது டீசல் டேங்கை முட்ட நிரப்புங்கள். பாதி டேங்க் என்றால் மழைக்கால இரவுகளில் உள்சுவரில் ஈரம் பிடித்து டீசலுக்குள் இறங்கும். எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டிய மணிநேரம் நெருங்கியிருந்தால் நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது, கரியும் அமிலமும் கலந்த பழைய ஆயிலில் பேரிங்கை ஊறவைக்க வேண்டாம். பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றி, தட்டுகள் மூழ்கும்படி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வையுங்கள். கிளட்ச் பெடலை அழுத்தி ஒரு மரக்கட்டையால் நிறுத்தி வைத்தால் தட்டு ஃப்ளைவீலில் ஒட்டாது. ரோட்டவேட்டரை மண் தரையில் போடாமல் சட்டத்தின் மேல் இறக்கி, ஹைட்ராலிக்கைக் கீழே விட்டுவிடுங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வேண்டாம். சம்பா அறுத்ததும் வயல் எலி வீடு தேடி வரும், ஒயரைத்தான் முதலில் கடிக்கும்.

இருபது நாளைக்கு ஒருமுறை பேட்டரியை மாட்டி வண்டியை எடுப்பதென்றால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல், எஞ்சின் முழுச்சூடு ஏறும்வரை ஓட்டுங்கள். இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைப்பது, எடுக்காமல் இருப்பதைவிட மோசம். சூடு ஏறாத எஞ்சினுக்குள் ஈரம்தான் சேரும்.

பங்குனியில் எடுக்கும்போது, பிடிஓ தண்டில் உராய்வுத் தட்டு கிளட்ச் இருந்தால் அதன் ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, சிறிது வழுக்கவிட்டு, பழைய அளவுக்கே இறுக்குங்கள். நட்டின் நிலையை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலம் முழுக்க நின்றதில் தட்டுகள் துருவால் ஒட்டியிருக்கும். ஒட்டியபடியே காய்ந்த கட்டியில் இறக்கினால் அது வழுக்காது, அந்த அதிர்ச்சி முழுக்க கியருக்குத்தான் போகும். பாரம் மிஞ்சினால் தானே உடைந்து கியரைக் காக்கும் ஷியர் போல்ட் வைத்த மாடல் என்றால் பழைய போல்ட்டுக்குப் பதில் அதே தரத்தில் வாங்குங்கள், உடையாத கெட்டி போல்ட் போட்டால் அதற்குப் பதில் கியர் உடையும். முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, கத்தி போல்ட்டுகளை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு, சைடு பெட்டியின் லெவல் போல்ட்டைத் திறந்து ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். மறுபடி வெளுத்திருந்தால் கோடை உழவு முடியும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே சீலைப் பிரித்துவிடுங்கள்.